சன்னமாக வாசிக்க வராத கீபோர்டு

என் மகளுக்காகப் பதினைந்து மாதத்துக்குள் மூன்று கீபோர்டு வாங்கினேன். மூன்றாவதாக வாங்கியதை முதலிலேயே வாங்கியிருந்தால் கையில் 15,000 ரூபாய் மிஞ்சியிருக்கும். பணத்தையாவது எப்படியாவது சம்பாதித்துக்கொள்ளலாம். ஒன்பது வயதுப் பிள்ளை ஆசையாகப் பழகிய பழக்கத்தை, “இது தப்பு, முதல்ல இருந்து வா” என்று இரண்டு தடவை சொல்ல வேண்டி வந்ததே, அதுதான் இன்னும் மனசில் கிடக்கிறது. வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். எங்கள் இரண்டு பேர் குடும்பத்திலும் பியானோவைத் தொட்டவர் கிடையாது. கேட்க ஆள் இல்லாமல் நானே முட்டி மோதித் தெரிந்துகொண்டதை, அடுத்து வாங்கப் போகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு மிஸ் பியானோ சொல்லித் தருகிறார். 2022 ஜூனில் மகளைச் சேர்த்தேன். மிஸ் வீட்டுக் கூடத்தில் அவருடைய அப்பா காலத்து மரப் பியானோ ஒன்று நிற்கும். வாரம் இரண்டு நாள் வகுப்பு. “வீட்ல பழகிப் பாக்க ஏதாவது ஒண்ணு வேணும்” என்று மிஸ் சொன்னார். என்ன வாங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கீபோர்டு என்றால் கீபோர்டு, அதில் என்ன வித்தியாசம் இருக்கப் போகிறது என்று நினைத்துவிட்டேன். நான் செய்த எல்லாத் தப்புக்கும் தாய் இதுதான். சொல்லித் தருகிறவரிடம் கேட்காமல் கடைக்குப் போகாதீர்கள். கேட்பதையும் “கீபோர்டு வாங்கலாமா” என்று கேட்காதீர்கள், “எத்தனை கட்டை, கட்டை எப்படி இருக்கணும்” என்று கேளுங்கள். கட்டை என்று நான் சொல்வது விரலால் அழுத்துகிற கீயை.

மிஸ்ஸிடம் கேட்பதை விட்டுவிட்டு, எங்கள் சபையில் பல வருடமாக வாசிக்கிற அண்ணனிடம் கேட்டேன். “சின்னப் பிள்ளைதானம்மா, 61 கட்டை தாராளம். ரிதம் நிறைய இருக்கான்னு பாரு, டிரான்ஸ்போஸ் கட்டாயம் இருக்கணும்” என்றார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. பாடுகிறவர் திடீரென்று சுருதியை ஏற்றினால் ஒரு பொத்தானை அழுத்தி மாற்றிக்கொள்ளவும், டிரம்ஸ் வாசிக்க ஆள் வராத ஞாயிற்றுக்கிழமை சமாளிக்கவும் அவருக்கு இவை இரண்டும் வேண்டும். ஆனால் அது அவர் செய்கிற வேலைக்கான கருவி. என் மகள் கற்றுக்கொள்வது வேறு வேலை என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

கடையில் இருந்த தம்பி ஒரு பொத்தானைத் தட்டியதும் டிரம்ஸ், கிடார், பேஸ் எல்லாம் சேர்ந்து ஒரு கச்சேரியே கிளம்பிவிட்டது. “நானூறு டோன் இருக்குக்கா, தபலா இருக்கு, தம்புரா இருக்கு” என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். மகள் கண்ணை எடுக்கவில்லை. 8,900 ரூபாய், கத்தரி மாதிரி விரிகிற எக்ஸ் ஸ்டாண்டு 1,400. அந்தக் கீபோர்டு எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை, அது அதன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. நானூறு டோனில் பியானோ டோன் ஒன்றே ஒன்றுதான் அவளுக்குத் தேவைப்படும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. பியானோ படிக்கிற பிள்ளைக்கு வாங்குகிறீர்கள் என்றால் டோன் எண்ணிக்கையைச் சொல்லும்போது காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

ஐந்து மாதம் நன்றாகத்தான் போனது. தினமும் சாயங்காலம் முக்கால் மணி நேரம் உட்காருவாள். நவம்பரில் ஒருநாள் கூப்பிடப் போனபோது மிஸ், “கொஞ்சம் உள்ள வாங்க” என்றார். மகளை ஒரு சின்னப் பாடம் வாசிக்கச் சொன்னார். தாளில் ஒரு இடத்தில் ‘பி’ என்று சாய்வெழுத்தில் போட்டிருந்தது. அங்கே சன்னமாக வாசிக்க வேண்டுமாம். ‘எஃப்’ போட்ட இடத்தில் பலமாக. மகள் இரண்டையும் ஒரே மாதிரி வாசித்தாள். மிஸ் நிறுத்தி, “மெதுவா, பூவைத் தொடுற மாதிரி” என்றார். அவள் வேகத்தைக் குறைத்தாள், சத்தம் குறையவில்லை. மூன்றாவது தடவை சொன்னதும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். உதடு துடித்தது. “எங்க வீட்டுல எப்படி அமுக்கினாலும் ஒரே சத்தம்தான மிஸ் வரும்” என்றாள்.

மிஸ் என் விரலைப் பிடித்து நடுவில் ஒரு வெள்ளைக் கட்டையில் வைத்தார். முதலில் ஓங்கி அழுத்தச் சொன்னார், கூடம் முழுக்கக் கணீர் என்றது. அடுத்து பாதி வேகத்தில். அடுத்து, மாவுப் பாத்திரத்தில் விரலை விடுகிற மாதிரி மெல்ல மெல்ல. கட்டை அடிவரைக்கும் இறங்கியது, சத்தமே வரவில்லை. அவ்வளவு மெதுவாக இறக்கினால் உள்ளே சுத்தி கம்பியைத் தொடுவதில்லையாம். அந்த மௌனத்துக்கும் முதல் சத்தத்துக்கும் நடுவில் எத்தனை படி உண்டோ அத்தனையையும் விரல் கற்றுக்கொள்ள வேண்டும், பியானோப் படிப்பே அதுதான் என்றார். பியானோவுக்கு அந்தப் பெயர் வந்ததும் அதனால்தானாம். ஹார்ப்சிகார்டு என்ற பழைய கருவி கம்பியைச் சுண்டும், ஓங்கி அழுத்தினாலும் சத்தம் பெரிதாக மாறாது. இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் நகரத்தில் கிறிஸ்டோஃபோரி என்பவர் 1700 வாக்கில் கம்பியைச் சுத்தியால் அடிக்கிற மாதிரி மாற்றினார். சன்னமும் பலமும் ஒன்றிலேயே வந்ததால் இத்தாலிய மொழியில் அந்த இரண்டு சொல்லையும் சேர்த்து ‘பியானோஃபோர்ட்டே’ என்றார்கள். நான் காசு கொடுத்து வாங்கி வந்ததில் அந்த ஒரு குணம்தான் இல்லை.

ஏன் இது எனக்கோ அண்ணனுக்கோ தோன்றவில்லை என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். நம் காது பழகியது ஆர்மோனியத்திலும் ஆர்கனிலும். ஆர்மோனியத்தில் கட்டையை எப்படி அழுத்தினால் என்ன, துருத்தியை எவ்வளவு போடுகிறோமோ அவ்வளவு சத்தம். சுருதியையே ‘ஒரு கட்டை, நாலு கட்டை’ என்று சொல்கிற ஊர் நமது. கட்டை என்றால் எந்தச் சுரம் என்று மட்டும்தான் பார்ப்போம், எப்படித் தொட்டோம் என்று கட்டை கேட்கும் என்று நாம் நினைப்பதில்லை.

கீபோர்டில் இந்தக் குணத்துக்கு ‘டச் சென்சிட்டிவிட்டி’ அல்லது ‘டச் ரெஸ்பான்ஸ்’ என்று பெயர். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் இரண்டு தொடுபுள்ளிகள் இருக்கும். கட்டை இறங்கும்போது முதலில் ஒன்று தொடும், அடுத்து மற்றது. நடுவில் எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்து, வேகமாக இறங்கினால் பலமான சத்தமும் மெதுவாக இறங்கினால் சன்னமான சத்தமும் கொடுக்கும். விலை குறைந்த மாடல்களில் பெரும்பாலும் இது இருக்காது. பெட்டியில் ‘இல்லை’ என்று யாரும் அச்சடிக்கவும் மாட்டார்கள். ‘இருக்கு’ என்று எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள், கடையில் ஒரே கட்டையை மூன்று விதமாக அழுத்திப் பாருங்கள். அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடம்தான் எனக்கு ஐந்து மாதம் ஆனது.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மகள் அழுததைப் பார்த்த பதற்றத்தில், டிசம்பர் தள்ளுபடி போட்டதும் மறுபடி மிஸ்ஸிடம் கேட்காமல் ஓடினேன். டச் சென்சிட்டிவிட்டி உள்ள 61 கட்டை, 16,500 ரூபாய். பை 1,200. வீட்டுக்கு வந்து மகள் சன்னமாக ஒன்று, பலமாக ஒன்று என்று வாசித்துக் காட்டியபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிஸ்ஸும் “முன்னதுக்கு இது எவ்வளவோ தேவலாம்” என்றார். எட்டு மாதம் நிம்மதியாக இருந்தேன்.

2023 ஆகஸ்டில் மிஸ் பெற்றோரையெல்லாம் கூப்பிட்டுப் பிள்ளைகளை வாசிக்க வைத்தார். வீட்டில் என் மகள் தடங்கலில்லாமல் வாசித்த பாடம். மரப் பியானோவில் உட்கார்ந்ததும் நடுநடுவே சுரம் விழுங்கிப் போனது. நான்காம் விரலும் சுண்டுவிரலும் தொட்ட இடமெல்லாம் ஓட்டை. வகுப்பில் மற்றப் பிள்ளைகளோடு பகிர்ந்துகொண்டு பத்து நிமிடம்தான் அவள் அந்தப் பியானோவில் உட்காருவாள், அதனால் அதுவரை இவ்வளவு வெளிப்படையாகத் தெரியவில்லை. கீழே இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள் கைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரணம் கட்டையின் கனம். நாங்கள் வாங்கியதில் கட்டைக்கு அடியில் ஸ்பிரிங் இருக்கும். லேசாக இறங்கும், துள்ளி எழும்பும். பியானோவில் கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியைத் தூக்கி எறிகிறோம். அந்தக் கனம் விரலில் தெரியும். ஸ்பிரிங்கில் பழகிய விரலுக்கு அந்தக் கனத்தைத் தள்ளும் தெம்பு வருவதில்லை. சத்தம் மாறுவது ஒன்று, கனம் இருப்பது வேறொன்று. இரண்டும் வேண்டும் என்பதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் இந்த 17,700 செலவு இல்லை. கனமான கட்டைக்கு ‘வெயிட்டட்’ என்றும், உள்ளே நிஜமாகவே சின்னச் சுத்தி அமைப்பு இருந்தால் ‘ஹாமர் ஆக்‌ஷன்’ என்றும் சொல்கிறார்கள். ‘செமி வெயிட்டட்’ என்று நடுவில் ஒன்று உண்டு, அது பெரும்பாலும் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறுக்கியதுதான். அந்தச் சொல்லைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள்.

கட்டை எண்ணிக்கையைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். முழுப் பியானோவில் 52 வெள்ளை, 36 கருப்பு, ஆக 88. எனக்கு இதில் வேறு அபிப்பிராயம். பதினெட்டாம் நூற்றாண்டு இசைமேதை மொசார்ட் காலத்துப் பியானோக்கள் ஐந்து ஆக்டேவ் (ஸ-வில் தொடங்கி மேல் ஸ வரை ஒரு ஆக்டேவ்) அளவுதான், நம் 61 கட்டைக் கீபோர்டும் அதே ஐந்து ஆக்டேவ்தான். முதல் இரண்டு மூன்று வருடப் பாடங்களுக்கு 61 கட்டை இடம் போதும். கனமான கட்டை வேண்டுமென்று தேடினால் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் 88 கட்டையாக இருப்பதால் அது தானாக வந்து சேரும். பணம் நெருக்கடியாக இருந்து ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் எண்ணிக்கையை விடுங்கள், கட்டையைப் பாருங்கள். கட்டையின் அகலம் மட்டும் முழு அளவாக இருக்க வேண்டும். ‘மினி கீ’ என்று விற்கிற குட்டிக் கட்டையில் பழகினால் விரல் விரிகிற தூரமே தப்பாகப் படிந்துவிடும்.

மூன்றாவது தடவை அவசரப்படவில்லை. மிஸ்ஸிடம் நோட்டும் பேனாவுமாகப் போய் உட்கார்ந்தேன். மாடல்களை எழுதிக்கொண்டேன். யமஹாவில் பி-45, அதற்கு அடுத்து வந்த பி-145, கேசியோவில் சிடிபி-எஸ்110, ரோலண்டில் எஃப்பி-10. எல்லாமே 88 கட்டை, ஹாமர் ஆக்‌ஷன் உள்ள டிஜிட்டல் பியானோக்கள், படிக்கிற பிள்ளைக்குத் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். எங்கள் பக்கம் கடைகளில் இவற்றைத் தொட்டுப் பார்க்கக் கிடைக்கவில்லை, ஆர்டர் போட்டால் வரவழைத்துத் தருகிறேன் என்றார்கள். நான் மகளையும் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை மதுரைக்கு பஸ் ஏறினேன். இதைச் செய்யாமல் வாங்கவே கூடாது. விவரத்தைப் படித்தால் கனம் விரலுக்குத் தெரியாது.

கடையில் என்ன பார்த்தோம் என்று சொல்கிறேன். சொந்த ஹெட்போன் கொண்டு போனோம். கடைச் சத்தத்தில் சன்னமான சுரம் காதில் விழாது. இடது ஓரத்தில் ஒரு கட்டை, வலது ஓரத்தில் ஒரு கட்டை அழுத்தினோம். நிஜப் பியானோ மாதிரி இடது பக்கம் சற்றுக் கூடுதல் கனமாக இருக்க வேண்டும். ஒரே கட்டையை வேகவேகமாகத் தட்டினோம், கட்டை முழுதாக எழும்புவதற்குள் சுரம் விட்டுப் போகிறதா என்று. மிஸ் சொல்லியனுப்பிய ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. வெள்ளைக் கட்டையை நுனியில் அழுத்தாமல், உள்ளே கருப்புக் கட்டைகளுக்கு நடுவில் விரலை விட்டு அழுத்திப் பார்க்க வேண்டும். அங்கே எல்லாவற்றிலும் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும், சிலவற்றில் பிள்ளையின் விரல் திணறியே போகும். என் மகள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுப் பார்த்து, “இது மிஸ் வீட்டுது மாதிரி இருக்கும்மா” என்று ஒன்றில் நின்றாள். யமஹா பி-45. 43,000 ரூபாய். அந்த வருட போனஸ் அப்படியே போனது.

கட்டையோடு செலவு நிற்பதில்லை, அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு போங்கள். பழைய எக்ஸ் ஸ்டாண்டில் 11 கிலோவுக்கு மேலான இதை வைத்தால் பலமாக வாசிக்கும்போது ஊசலாடும், முழங்காலும் இடிக்கும். இரண்டு பக்கமும் கால் உள்ள ஸ்டாண்டுக்கு 4,500 கொடுத்தேன். முதல் வருடம் அவள் கட்டிலில் சம்மணம் போட்டு, கீபோர்டைத் தலையணை மேல் வைத்து வாசித்த நாட்கள் உண்டு. மணிக்கட்டு மடங்கிப் போய் அதைத் திருத்தவும் மிஸ் பாடுபட்டார். முழங்கை கட்டை மட்டத்துக்கு வர வேண்டும். பிள்ளை வளர வளர ஸ்டூலைத்தான் இறக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். கூடவே வந்த பெடல் சின்னப் பெட்டி மாதிரி, டைல்ஸ் தரையில் வழுக்கி ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் வாசல் மிதியடியின் ரப்பர் பக்கத்தை மேலாகத் திருப்பிப் போட்டு அதன்மேல் வைத்தோம், நின்றது. ஹெட்போன் செருகும் துளையும் பெரியது, சாதாரண ஹெட்போனுக்கு மாற்றுமுனை ஒன்று தனியாக வாங்க வேண்டும். ப்ளூடூத் ஹெட்போன் இதற்கு ஆகாது. விரல் ஒரு நேரம் அழுத்தும், சத்தம் கொஞ்சம் பிந்தி வரும், தாளமே கெட்டுவிடும்.

பழையது வாங்குவதில் எனக்கு இப்போது தயக்கம் இல்லை. பிள்ளைகள் பாதியில் விட்டுவிடுவதால் நல்ல டிஜிட்டல் பியானோ குறைந்த விலைக்கு வரத்தான் செய்கிறது. ஆனால் 88 கட்டையையும் ஒவ்வொன்றாகச் சன்னமாக அழுத்திப் பார்க்க வேண்டும். ஏதாவது ஒன்று மட்டும் சம்பந்தமில்லாமல் வீறிட்டால் அடியில் உள்ள தொடுபுள்ளி ரப்பரில் தூசியோ எறும்போ போயிருக்கிறது என்று அர்த்தம். துடைத்தால் சரியாகலாம், அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். அடாப்டர் அந்த மாடலுக்கானதுதானா என்று பாருங்கள், வோல்டேஜோ முனையின் பிளஸ் மைனஸோ மாறினால் கருவியே போய்விடும். எங்கள் வீட்டில் வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் மூடிவிடுகிறோம்.

பரீட்சைக்குக் கட்டும்போது இன்னொரு இடத்தில் கவனம் வேண்டும். லண்டன் டிரினிட்டி காலேஜ் நடத்துகிற இசைப் பரீட்சையில் பியானோவுக்கு ஒரு பாடத்திட்டம், எலக்ட்ரானிக் கீபோர்டுக்கு வேறு பாடத்திட்டம். கீபோர்டுப் பாடத்தில் வலது கை மெட்டை வாசிக்கும், இடது கை கார்டு (சேர்த்து அழுத்துகிற சில சுரங்கள்) பிடிக்கும், ரிதம் கூடவே ஓடும். அதுவும் நல்ல படிப்புதான். சினிமாப் பாட்டு, சபைப் பாட்டு வாசிக்க ஆசைப்படுகிற பிள்ளைக்கு டச் சென்சிட்டிவிட்டி உள்ள 61 கட்டை கீபோர்டே சரியான கருவி, 88 கட்டையை அவர்கள் தலையில் கட்ட வேண்டாம். எந்தப் படிப்பு என்று முடிவு செய்துவிட்டுக் கடைக்குப் போக வேண்டும். நான் கடைக்குப் போய்விட்டு முடிவு செய்தேன்.

ஹெட்போன் போட்டால் ராத்திரி எவ்வளவு நேரமும் வாசிக்கலாம் என்று நினைத்தது மட்டும் நடக்கவில்லை. நாங்கள் மாடியில் இருக்கிறோம். சுத்தி அமைப்பு உள்ள கட்டை, சத்தத்தை அணைத்தாலும் டொக் டொக் என்று தரையில் இறங்கும். நாலாவது நாள் கீழ்வீட்டு ஆச்சி படியேறி வந்து, “ஏட்டி, ராத்திரி பத்து மணிக்கு உரல்ல என்னத்தப் போட்டு இடிக்க?” என்று கேட்டார். ஸ்டாண்டின் நாலு காலுக்கும் அடியில் தடித்த ரப்பர் பாய் போட்டேன், பாதி குறைந்தது. மீதிக்கு ஒன்பது மணியோடு நிறுத்திக்கொண்டோம்.

முதல் கீபோர்டையும் ஸ்டாண்டையும் 3,500-க்கு விற்றேன். இரண்டாவதை வாங்க முதலில் ஒரு அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். 10,000 தருவதாகச் சொல்லிப் பணத்தையும் எடுத்துவிட்டார். “எதுக்கும்மா படிக்கான்?” என்று கேட்டேன். “பியானோ கிளாஸ்ல சேத்திருக்கேன்” என்றார். மகளைக் கூப்பிட்டு, அந்தப் பையனை எங்கள் பி-45-இல் உட்கார வைத்து ஒரு கட்டையை அழுத்தச் சொன்னேன், பிறகு இதில் அழுத்தச் சொன்னேன். பணத்தைத் திரும்ப அவர் கையிலேயே வைத்து, மிஸ் வீட்டுக்கு வழி சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் சபை வாலிபர் குழுவுக்கு அதை 9,500-க்குக் கொடுத்தேன்.